கடலின் சூடும் வரும் பருவத்தின் மழையும்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் நடுவில் இந்திய வானிலை ஆய்வுத் துறை, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை எவ்வளவு பெய்யும் என்று முன்கூட்டி அறிவிக்கிறது. பத்து நாள் கழித்து நம் ஊரில் மழை உண்டா என்று கேட்டால் எந்த வானிலை அறிஞராலும் அடித்துச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, ஐந்து மாதங்கள் கழித்து முடியப்போகும் ஒரு பருவத்தைப் பற்றி எந்த நம்பிக்கையில் பேசுகிறார்கள்? பெரும்பகுதி கடலை நம்பித்தான். வெப்பமண்டலக் கடல்களின் மேற்பரப்பு அடுத்த சில மாதங்களில் சூடேறுமா, குளிருமா என்று கணிக்க முடிந்தால் பருவத்தின் போக்கையும் ஓரளவு கணிக்கலாம். இந்த அறிவியல் எப்படி வளர்ந்தது, எங்கே வென்றது, எங்கே சறுக்கியது, அது தருவதை நாம் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு வாரத்துக்கு அப்பால்

இன்றைய வானிலையை அளப்பதில் நேரும் மிகச் சிறிய பிழையும் நாளுக்கு நாள் பெருகி, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் கணிப்பு முழுவதையும் பயனற்றதாக்கிவிடும். வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸின் ஆய்வுகள் 1960களில் இந்த எல்லையை உணர்த்தின. நாள்வாரி வானிலைக்கு இந்த எல்லை இன்றும் நிற்கிறது.

பருவத்தின் சராசரிக்கு வேறொரு வழி உண்டு என்று 1981இல் வானிலை அறிஞர்கள் ஜூல் சார்னியும் ஜகதீஷ் சுக்லாவும் எடுத்துக்காட்டினார்கள். வெப்பமண்டலத்தில் ஒரு பருவம் முழுவதற்குமான மழை, காற்றுக்குக் கீழே இருக்கும் பரப்பின் நிலையைப் பெரிதும் சார்ந்தது என்பது அவர்களின் வாதம். அந்தப் பரப்பில் முதன்மையானது கடல். கடலின் மேல் மூன்று மீட்டர் நீர் தாங்கும் வெப்பம், வளிமண்டலம் முழுவதும் தாங்கும் வெப்பத்துக்கு ஏறத்தாழ ஈடானது. அத்தனை வெப்பம் சேர மாதங்கள் ஆகும். கலையவும் மாதங்கள் ஆகும். இன்று அளவுக்கு மீறிச் சூடாக இருக்கும் கடற்பகுதி அடுத்த மாதமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதன்மேல் மேகம் திரள்வதும் காற்று திசைமாறுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே பருவக் கணிப்பு தருவது சாய்வு மட்டுமே. ஒரு பக்கம் சற்றே கனமான தாயக்கட்டையை உருட்டினால் குறிப்பிட்ட எண் அடிக்கடி விழும்; ஒவ்வொரு தடவையும் விழாது. கடல் செய்வது கட்டையைக் கனமாக்கும் வேலை.

பசிபிக்கின் ஊசலாட்டம்

இந்தச் சாய்வை உலகளவில் அதிகம் உண்டாக்குவது பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி. வழக்கமான ஆண்டுகளில் அங்கே கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வணிகக் காற்று, மேற்பரப்பின் சூடான நீரை இந்தோனேசியாவின் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. மேற்கே கடல்மட்டம் கிழக்கைவிட அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கும். வெந்நீரின் அடுக்கு அங்கே 150 மீட்டருக்கு மேல் ஆழமாக இருக்கும்; தென் அமெரிக்காவின் பக்கம் அது மெலிந்து, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். பெரு நாட்டுக் கரையில் நெத்திலி இனமான ஆன்சோவி பெருந்திரளாகக் கிடைப்பதும் இந்தக் குளிர்நீரின் சத்தால்தான்.

வணிகக் காற்று தளர்ந்தால் மேற்கில் குவிந்த வெப்பம் கிழக்கே திரும்புகிறது. கிழக்கு சூடேறச் சூடேறக் காற்று மேலும் தளர்கிறது. காற்று தளரத் தளரக் கிழக்கு மேலும் சூடேறுகிறது. இது எல் நினோ. இதற்கு எதிர்நிலை லா நினா. பெருங்கடலின் நடுப்பகுதியில், நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 பாகை, மேற்குத் தீர்க்கரேகை 170 முதல் 120 பாகை வரை அமைந்த கட்டத்துக்கு நினோ 3.4 என்று பெயர். அங்கே வெப்பநிலை சராசரியைவிட 0.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்து பல மாதம் நீடித்தால் எல் நினோ என்றும், அதே அளவு தாழ்ந்து நீடித்தால் லா நினா என்றும் அமெரிக்க நிறுவனமான நோவா கொள்கிறது.

கணிப்பாளருக்குக் கைகொடுப்பது மேற்பரப்புக்கு அடியில் நடப்பது. மேற்கே காற்று திடீரென எதிர்த்திசையில் பலமாக வீசினால், ஆழத்தில் கெல்வின் அலை என்னும் வெப்ப அலை புறப்பட்டுக் கிழக்கு நோக்கி நகர்கிறது. பெருங்கடலைக் கடக்க அதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். தென் அமெரிக்கக் கரை சூடேறப்போவது, சூடேறும் முன்பே ஆழத்தில் தெரிந்துவிடுகிறது.

வாக்கரிலிருந்து 1986 வரை

இந்த வரலாற்றின் தொடக்கம் இந்தியாவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சங்கள் வந்த நிலையில், கில்பர்ட் வாக்கர் 1904இல் இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கணித மேதையான அவர் உலகெங்கிலுமிருந்து வந்த காற்றழுத்தப் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பசிபிக்கின் கிழக்கில் அழுத்தம் கூடும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைவதும், அங்கே குறையும்போது இங்கே கூடுவதும் அவருக்குத் தெரிந்தது. தென் அலைவு என்று அதற்குப் பெயரிட்டார். காரணம் என்னவென்று அவரால் சொல்ல இயலவில்லை. அந்த அலைவும் பசிபிக்கின் சூடும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதை 1969இல் வானிலை அறிஞர் யாக்கோப் பியர்க்னஸ் விளக்கினார். காற்றும் கடலும் ஒன்றையொன்று தூண்டும் சுழற்சி அப்போதுதான் புரிந்தது.

அடுத்த கட்டம் கடலியலாளர் கிளாவுஸ் விர்ட்கியின் பங்களிப்பு. தீவுகளின் கடல்மட்ட அளவிகளை வைத்து, எல் நினோவுக்கு முன் மேற்கில் நீர் குவிவதை அவர் காட்டினார். 1975இல் எல் நினோ வரும் என்று எதிர்பார்த்து ஆய்வுக்கப்பல் பயணமே ஏற்பாடானது. வந்தது சிறு சூடேற்றம்தான். ஏழு ஆண்டு கழித்து இதற்கு நேர்மாறாக நடந்தது. 1982இல் அந்த நூற்றாண்டின் மாபெரும் எல் நினோக்களில் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தபோது, பல மாதங்கள்வரை அறிஞர் உலகம் அதை அறியவில்லை. அவ்வாண்டு வசந்தத்தில் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்துத் தூசி வானில் பரவியது. செயற்கைக்கோள்கள் கடலின் சூட்டைக் குறைத்துக் காட்டின. கப்பல்கள் அனுப்பிய உயர்ந்த அளவுகளோ வழக்கத்துக்கு மாறாக இருந்ததால் பிழை என்று ஒதுக்கப்பட்டன. பெருவிலும் ஈக்வடாரிலும் வெள்ளம், ஆஸ்திரேலியாவிலும் இந்தோனேசியாவிலும் வறட்சி என்று அந்த எல் நினோ உலகை உலுக்கியது.

அந்த அதிர்ச்சியின் விளைவுகள் இரண்டு. முதலாவது கணினி மாதிரி. மார்க் கேன், ஸ்டீபன் செபியாக் இருவரும் காற்றையும் கடலையும் இணைத்து எளிய மாதிரி ஒன்றை உருவாக்கினார்கள். அதைக் கொண்டு 1986இல் எல் நினோ வரும் என்று முன்கூட்டியே ஆய்விதழில் வெளியிட்டார்கள். சற்றுத் தாமதமாகவேனும் அது வந்தது. இயற்பியல் மாதிரியால் எல் நினோவை முன்கூட்டிச் சொல்லிப் பலித்த முதல் நிகழ்வு அது. இரண்டாவது விளைவு, மிதவைகள்.

இரயில் சக்கரமும் மிதவையும்

பசிபிக்கின் குறுக்கே ஏறத்தாழ 70 மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தும் பணி 1985இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில் நடந்து, 1994 டிசம்பரில் நிறைவடைந்தது. அதில் ஒரு மிதவையைச் சற்று உற்றுப் பார்க்கலாம். கண்ணாடியிழையால் ஆன வளையம், குறுக்களவு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். மேலே ஒரு சிறு கோபுரத்தில் காற்று, ஈரப்பதம், வெப்பநிலை அளக்கும் கருவிகள். கீழே 500 மீட்டர் ஆழம்வரை கம்பிவடத்தில் இடைவெளிவிட்டு வெப்பமானிகள். அதற்குக் கீழே கடலடிவரை நைலான் கயிறு. நுனியில் நங்கூரமாகப் பழைய இரயில் சக்கரங்கள். மேல் பகுதியில் கயிற்றுக்குப் பதில் கம்பிவடம் இருப்பதற்குக் காரணம் மீன்களின் கடி. அளவுகள் செயற்கைக்கோள் வழியாக அன்றாடம் கரைக்கு வந்து சேரும். கப்பல் ஒன்று போய் ஆண்டுக்கொரு முறையாவது கருவிகளை மாற்றிப் பழுதுபார்த்தால்தான் இவையெல்லாம் ஓடும்.

கப்பல் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்தது. 2012க்குப் பின் நோவாவின் நிதி குறைந்து, அதற்கென இருந்த கப்பலும் ஓய்வுபெற்றபோது, மிதவைகள் ஒவ்வொன்றாக அமைதியாயின. வந்துசேரும் தரவு பாதிக்கும் கீழே போனது. பின்னர் பன்னாட்டு முயற்சியால் இந்த வலையமைப்பு மறுசீரமைக்கப்பட்டது. இன்னொரு இடர் மனிதரால் வருவது. மிதவையின் நிழலில் மீன்கள் கூடுவதால் மீன்பிடிப் படகுகள் அங்கே வருகின்றன. மிதவையில் கட்டப்படும் படகுகளின் இழுப்பில் கருவிகள் உடைகின்றன. இந்தியப் பெருங்கடலிலும் இதே சிக்கல்தான். சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நிறுத்தியிருக்கும் மிதவைகளைக் காக்க மீனவர்களிடம் தொடர்ந்து விழிப்புணர்வு செய்யவேண்டியிருக்கிறது.

மிதவைகளுடன் இன்று செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தை அளக்கின்றன. ஆர்கோ என்னும் தானியங்கி மிதப்பான்கள் ஏறத்தாழ 4,000 உலகக் கடல்களில் உலவுகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர்வரை இறங்கி, அளந்தபடியே மேலே ஏறித் தரவை அனுப்பும். எந்தச் சிறந்த மாதிரியும் இந்த அளவீடுகளிலிருந்துதான் தன் கணக்கைத் தொடங்க முடியும்.

மாதிரிகள், வசந்தத் தடை

இன்றைய கணிப்பில் இரண்டு வகை மாதிரிகள் பயன்படுகின்றன. புள்ளியியல் மாதிரி, கடந்த காலத்தின் உறவுகளை வைத்து எதிர்காலத்தை ஊகிக்கிறது. இயங்கியல் மாதிரி, காற்றும் கடலும் பின்பற்றும் இயற்பியல் சமன்பாடுகளைக் கணினியில் மாதக்கணக்கில் முன்னோக்கி ஓட்டுகிறது. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி அதையே பலமுறை ஓட்டுவார்கள். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் பருவக் கணிப்பு 51 ஓட்டங்களைக் கொண்டது. அந்த 51 கோடுகளும் நெருங்கி வந்தால் நம்பிக்கை கூடும். விசிறிபோல் விரிந்தால் குறையும். அந்த விரிவையும் சேர்த்துச் சொன்னால்தான் கணிப்பு முழுமையாகும்.

எல்லா மாதிரிகளையும் திணறடிக்கும் ஒரு காலம் உண்டு. மார்ச் முதல் மே வரை, வட அரைக்கோளத்தின் வசந்தம். அப்போது பசிபிக்கின் கிழக்கு, மேற்கு வெப்ப வேறுபாடு குறைந்து, காற்றும் கடலும் தளர்ந்தே பிணைந்திருக்கும். சிறு தற்செயல்களும் போக்கைத் திருப்பிவிடும். இந்தத் தடையைத் தாண்டிச் சொல்லும் கணிப்புகள் அடிக்கடி பிழைக்கின்றன. ஜூனுக்குப் பின் தொடங்கும் கணிப்புகள் ஆண்டின் இறுதிவரை நன்றாக நிற்கின்றன.

2014 இதற்குத் தெளிவான சான்று. அந்த ஆண்டின் தொடக்கத்தில் மாபெரும் கெல்வின் அலை ஒன்று கிளம்பியது; 1997இல் வந்ததைப் போன்ற பெரிய எல் நினோ வருமோ என்று பலர் எதிர்பார்த்தார்கள். தேவையான மேற்குக் காற்று தொடர்ந்து வீசாததால் அது அடங்கிப்போனது. அடுத்த ஆண்டு, 2015இல், வலிமையான எல் நினோ வந்தது. 1997இலும் பெரும்பாலான மாதிரிகள் சூடேற்றத்தை ஊகித்தாலும் அதன் அளவை முன்பே ஊகிக்கவில்லை. 1986இல் வென்ற கேன், செபியாக் மாதிரி அதைத் தவறவிட்டது. ஆனால் அந்த எல் நினோ உருவாகிவிட்ட பிறகு அடுத்த குளிர்காலத்தின் மழை, வறட்சி குறித்த எச்சரிக்கைகள் பல நாடுகளில் பலித்தன. 2017இன் அனுபவம் வேறு. பசிபிக்கின் நடுவில் எல் நினோ எதுவும் இல்லாதபோதே பெருவின் கரையோரம் மட்டும் சில வாரங்களில் கடுமையாகச் சூடேறி, பியூரா பகுதியை வெள்ளத்தில் மூழ்கடித்தது. நினோ 3.4ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் எச்சரிக்கை இல்லை.

இந்தியப் பெருங்கடலின் பங்கு

1997இல் அத்தனை பெரிய எல் நினோ இருந்தும் இந்தியாவில் பருவமழை பொய்க்கவில்லை. நீண்டகாலச் சராசரியில் 102 சதவீதம் பெய்தது. இந்தப் புதிரின் ஒரு பகுதிக்கு 1999இல் விடை கிடைத்தது. சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகாட்டா ஆகியோர் இந்தியப் பெருங்கடலுக்கும் சொந்தமாக ஓர் ஊசலாட்டம் உண்டு என்று நிறுவினார்கள். இந்தியப் பெருங்கடல் இருமுனை என்பது அதன் பெயர். ஆப்பிரிக்காவின் பக்கம் சூடேறிச் சுமத்ராவின் பக்கம் குளிர்ந்தால் அது நேர்நிலை, மாறினால் எதிர்நிலை. நேர்நிலை கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மிகைமழையும் இந்தோனேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வறட்சியும் தரும். இந்தியாவில் எல் நினோவின் பாதிப்பை ஓரளவு தணிக்கும். 1994, 1997, 2019 ஆண்டுகள் இதற்குச் சான்று. 2019இல் ஜூன் மாதத்தில் 33 சதவீதம் குறைந்த மழை, பருவ முடிவில் 110 சதவீதமாக நிமிர்ந்தது. அதே நேர்நிலை ஆஸ்திரேலியாவைக் காய்ந்த காடுகளோடு கோடைக்குள் தள்ளியது.

இந்த இருமுனையைக் கணிப்பது பசிபிக்கைவிடக் கடினம். அது குறுகிய காலமே வாழ்கிறது. சில மாதங்களுக்கு மேல் முன்கூட்டிச் சொல்லும் திறன் வேகமாகக் குறைகிறது. பசிபிக்கின் அளவுக்கு நீண்டகாலப் பதிவும் இந்தக் கடலில் இல்லை.

கடலிலிருந்து மழைக்கு

கடலைச் சரியாகக் கணித்தாலும் மழை அப்படியே பின்தொடர்வதில்லை. இந்திய வானிலைத் துறையின் கணக்கேடே இதைக் காட்டும். 2002இல் 101 சதவீதம் என்று கணித்தார்கள், பெய்தது 81. 2009இல் ஏப்ரல் கணிப்பு 96, பெய்தது 78. 2015இல் ஏப்ரலில் 93 என்றும், எல் நினோ வலுத்ததும் ஜூனில் 88 என்றும் சொன்னார்கள், பெய்தது 86. கடல் தந்த எச்சரிக்கையை உரிய நேரத்தில் ஏற்றுக்கொண்டதால் வந்த வெற்றி இது. 2012இல் தொடங்கிய பருவமழை இயக்கத்தின் வழியாக இயங்கியல் மாதிரிகள் இந்தியாவில் வேரூன்றியதும் இந்தக் காலத்தில்தான்.

பசிபிக்கில் எந்த இடம் சூடேறுகிறது என்பதும் முக்கியம். நடுப்பகுதி சூடேறும் ஆண்டுகளே இந்தியாவை அதிகம் வாட்டுகின்றன என்று கிருஷ்ணகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் காட்டினார்கள். பருவத்துக்குள் வாரங்களாக வந்துபோகும் ஏற்ற இறக்கங்களோ கடலின் கணக்கில் பிடிபடுவதில்லை. 2023இல் பருவ மொத்தம் 94 சதவீதம். கணித்த 96க்கு மிக அருகில். ஆனால் அந்த ஆகஸ்ட், 1901க்குப் பின் வந்தவற்றிலேயே மிக வறண்ட ஆகஸ்ட். பயிர் காய்வது அந்த ஆகஸ்டில்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் பக்கம் சாய்க்கிறது. வடகிழக்குப் பருவமழையைக் கூட்டும் பக்கம் சாய்க்கிறது. இலங்கையின் மகா போகத்துக்கு முன்பெய்யும் மழையும் எல் நினோ ஆண்டுகளில் கூடுவதுண்டு. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை மேட்டூரை நிரப்ப, ஐப்பசி கார்த்திகை மழை டெல்டாவை நனைக்கிறது. ஆக, ஒரே எல் நினோ டெல்டா உழவருக்கு ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுக்கும். 2023இல் இது கண்முன் நடந்தது. வழக்கமான ஜூன் 12இல் மேட்டூர் திறந்தது; காவிரியில் வரத்து இன்றி அக்டோபரில் மூடியது; குறுவை கருகியது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை மிக்ஜாம் புயலில் மிதந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது.

இங்கும் விதிவிலக்குகள் உண்டு. 2015இன் எல் நினோவில் சென்னை வெள்ளமும், லா நினா பக்கம் சாய்ந்த 2016இல் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைந்ததும் எதிர்பார்த்த சாய்வின்படி நடந்தவை. 2021இலோ லா நினா இருந்தும் இயல்பைவிட 59 சதவீதம் அதிகம் பெய்தது. புயல் ஒன்று எங்கே கரைகடக்கும், தாழ்வு மண்டலம் எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பசிபிக் முடிவு செய்வதில்லை. ஆனால் ஒரு சாதகம் நமக்கு இருக்கிறது. ஏப்ரலில் வரும் தென்மேற்குக் கணிப்பு வசந்தத் தடையின் நடுவே சொல்லப்படுகிறது. செப்டம்பர் இறுதியில் வரும் வடகிழக்குக் கணிப்போ அந்தத் தடையைத் தாண்டிய பிறகு வருகிறது. அப்போது பசிபிக்கின் நிலை ஏறத்தாழ உறுதியாகியிருக்கும். தமிழகம் இதை இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

சூடேறும் உலகில்

இரண்டு மாற்றங்கள் இந்தத் துறையை இப்போது திருப்பிக்கொண்டிருக்கின்றன. ஒன்று புவி வெப்பமாதல். கடல்கள் எல்லாமே சூடேறும்போது, பழைய சராசரியைவிட எவ்வளவு கூடுதல் என்ற அளவுகோல் ஏமாற்றும். அதனால் வெப்பமண்டலக் கடல் முழுவதின் சராசரியைக் கழித்துவிட்டுப் பசிபிக்கின் தனி வேறுபாட்டை மட்டும் அளக்கும் முறை வந்திருக்கிறது. கடந்த காலத்தின் உறவுகளை நம்பும் புள்ளியியல் மாதிரிகளுக்கு இது பெரிய சோதனை. இன்னொன்று செயற்கை நுண்ணறிவு. 2019இல் ஹாம், கிம், லுவோ மூவரும் ஆழ்கற்றல் முறையால் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே எல் நினோவைக் கணிக்கும் திறனைக் காட்டினார்கள். கடலின் பதிவுகள் போதாமையால் அவர்கள் காலநிலை மாதிரிகளின் தரவில் முதலில் பயிற்சி அளித்து, பிறகு உண்மைப் பதிவுகளில் செம்மைப்படுத்தினார்கள். எந்திரம் கற்கவும் அளந்த தரவுதான் தேவை.

யாருக்கு, எதற்கு?

பெரு, பொலிவியா மலைநாட்டு உழவர்கள் ஜூன் இறுதியில் விடியும் முன் மலைமேல் ஏறிக் கார்த்திகை விண்மீன் கூட்டத்தைப் பார்ப்பார்கள். விண்மீன்கள் மங்கலாகத் தெரிந்தால் மழை தாமதிக்கும் என்று உருளைக்கிழங்கு நடவைத் தள்ளிப்போடுவார்கள். ஆர்லோவ், சியாங், கேன் மூவரும் 2000இல் இதை ஆராய்ந்து, எல் நினோ ஆண்டுகளில் உயரே மெல்லிய மேகம் கூடுவதால் விண்மீன்கள் மங்குகின்றன என்று கண்டார்கள். நம்பிக்கையின் பின்னே நல்ல அளவீடு இருந்தது. அதைவிட முக்கியம், அந்தக் குறி ஒரு முடிவோடு இணைந்திருந்தது: நடவை எப்போது செய்வது என்ற முடிவு.

நம்மிடம் குறைவது இதுதான். கணிப்பு வருகிறது, நாளிதழில் ஒரு நாள் தலைப்பாகிறது, யாருடைய முடிவையும் மாற்றாமல் போகிறது. எல் நினோ வாய்ப்பு 70 சதவீதம் என்றால் எந்த நாளுக்குள் குறுவைப் பரப்பைக் குறைப்பது, எந்த மாற்றுப்பயிர் விதையைக் கையிருப்பில் வைப்பது, செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளில் எவ்வளவு இடம் காலியாக வைப்பது என்பவை முன்கூட்டியே எழுதிவைக்கப்பட வேண்டும். பத்தில் மூன்று முறை அந்த எச்சரிக்கை பொய்க்கும். அந்த மூன்று முறையின் இழப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். ஒருமுறை பொய்த்ததும் ‘வானிலைக்காரர் சொல் பலிக்காது’ என்று தூக்கி எறிவதும், ஒருமுறை பலித்ததும் அதைத் தீர்ப்பாக ஏற்பதும் ஒரே தவறின் இரு வடிவங்கள்.

இதற்கு மூன்று செயல்கள் உடனே வேண்டும். இந்தியப் பெருங்கடலின் மிதவைகளுக்கு ஆண்டுதோறும் தடையில்லாத நிதியும் கப்பலும் ஒதுக்கப்பட வேண்டும். 2012க்குப் பிந்தைய பசிபிக்கின் பாடம் நமக்கும் பொருந்தும். கணிப்பு ஒவ்வொன்றும் தன் கடந்தகால வெற்றி தோல்விக் கணக்கோடு, மாவட்ட அளவில், தமிழில் வெளிவர வேண்டும். செப்டம்பர் இறுதிக் கணிப்பை வைத்து அணைகளும் வேளாண் துறையும் என்ன செய்யும் என்ற செயல்திட்டம் ஆகஸ்டிலேயே பொதுவில் இருக்க வேண்டும். கடலைக் கணிக்கும் அறிவு நாற்பது ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அதை வயலுக்கும் ஏரிக்கும் கொண்டுசேர்ப்பது இனி ஆட்சியாளர்களின் கடமை.